எட்டுச் சுற்றுச் சாவி

டீச்சர், ஒரு உதவி. என் சட்டைப்பையில் போன் அடிக்குது பாருங்க. நீங்களே எடுத்து அந்தப் பச்சையை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டுடுங்க. எனக்கு ரெண்டு கையும் வேலையில் இருக்கு. கூச்சப்படாதீங்க, கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நினைச்சுக்கோங்க. ஆங், அதுதான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? மணி பத்தேகால் ஆச்சு. பொண்ணோட அப்பா எங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்காக."

வந்துட்டேன்டா. கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கிட்டேன். ஆட்டோ பிடிக்கணும், அவ்வளவுதான்.

"ஸ்டேஷன்லயா? நான் ஸ்டேஷன் வாசல்லதானே நிக்கேன். ரயிலே வரலயே."

பின்பக்கமா இறங்கினேன்டா. சரி, வை. டீச்சர், அந்தச் சிவப்பை அமுக்கிடுங்க.

அப்படிப் பார்க்காதீங்க. பொய்தான். ஆனா இந்த மாதிரி நேரத்தில் சொல்ற பொய்க்குக் கணக்குக் கிடையாது. அவன் என் தம்பி, நெல்லையப்பன். மண்டபத்தில் எல்லாரும் அவனைத்தான் பிடிச்சு உலுக்கி ஸ்டேஷனுக்கு விரட்டியிருப்பாங்க. ஆமா, கல்யாணம். என் பொண்ணு கல்யாணம். இன்னிக்குத்தான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் முகூர்த்தம். பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பிச்சுடும்.

பட்டு வேட்டியைப் பார்த்ததுமே கேட்கணும்னு நினைச்சீங்களா? கேட்டிருக்கலாமே. எண்ணெய்க் கறை பட்டதால் பழசுன்னு நினைச்சிருப்பீங்க. புதுசுதான். இந்தக் கறை எல்லாம் ஒன்பது மணிக்கு மேல் ஆனது.

நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் இவ்வளவு நேரம் சொல்லலை. ஏன்னா, உள்ளதைச் சொன்னா, இதுக்கு நீங்களும் ஒரு காரணம். கோபிக்காதீங்க. சாத்தூர் தாண்டி இந்தப் பொட்டல்காட்டில் ரயில் நின்னதும் நான் அட்டைப்பெட்டியைத் திறந்து, கையடக்கமான இந்தத் தகர எஞ்சினைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க எட்டிப் பார்த்து, "அழகா இருக்கே, ஓடுமா?"ன்னு கேட்டீங்க. அந்த ஒரு வார்த்தை. ஓடுமான்னு கேட்டவங்களுக்கு ஓடும்னு காட்டாம இருக்க என்னால் முடியாது. சாவியை எடுத்துப் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நீங்கதான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினீங்க. எட்டுச் சுற்று. முழுச் சுற்று. அப்புறம் ஓட்டுநர் நிற்கிற இடத்தில் இருக்கிற இந்தக் குட்டிக் கம்பியை, பிரேக்கை, கால் சுற்று மட்டும் விட்டு உடனே நிறுத்திடலாம்னு லேசாத் தொட்டேன். கையோட வந்துடுச்சு. எண்பது வருஷத் தகரம், என்ன செய்யும்? நல்லவேளை, சக்கரம் சுத்தறதுக்குள்ள கட்டைவிரலை வச்சு அமுக்கிட்டேன்.

அப்போ வச்ச விரல்தான். ஒரு மணி நேரம் தாண்டியாச்சு.

இல்லை டீச்சர், விட முடியாது. விட்டா என்ன ஆகும்னா, உள்ளே ஸ்பிரிங் முழுசா முறுக்கிக்கிட்டு இருக்கு. தண்டவாளத்தில் வச்சு, பின்னாடி ரெண்டு பெட்டி மாட்டியிருந்தா பாரம் இழுத்து நிதானமா ஓடும். பாரம் இல்லாம விட்டா காளை அவிழ்த்துக்கிட்ட மாதிரி ஒரே பாய்ச்சல். அதைக்கூடத் தாங்கும். ஆனா இதில் ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்கு அடியில் கீறல் இருக்கு. காலையில் லென்ஸ் வச்சுப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு கோடு. அந்தப் பல் தெறிச்சா பக்கத்துப் பல்லையும் கொண்டுபோகும். அப்புறம் இது எஞ்சின் இல்லை. வெறும் தகரம்.

கைக்குட்டையைச் சொருகலாம்தான். நூல் பிரிஞ்சு பல்லுக்குள்ள போயிடும். மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாவா? கீறல் விட்ட பல் எப்போ மேலே வரும்னு யாருக்குத் தெரியும்? நீங்க பள்ளிக்கூடத்தில் புள்ளைகளுக்கு யோசனை சொல்றவங்க, சட்டுச்சட்டுன்னு வருது. ஆனா நான் இருபத்தாறு வருஷமா இதில் இருக்கேன். யோசிக்காம இருப்பேனா?

என் பேர் கோமதிநாயகம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். எங்க ஊரில் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம், ஆபீஸ்னுதான் சொல்வோம். ஆபீஸ் நேரம் போக மத்த நேரம் எல்லாம் ரயில்தான். பெரிய ரயில் இல்லை. சாவி கொடுத்தா ஓடுற ரயில். கரண்டில் ஓடுறதை நான் வீட்டுக்குள்ள விடறதில்லை. ஜெர்மனியில் செஞ்சது, இங்கிலாந்தில் செஞ்சது, ஜப்பானில் செஞ்சது, எல்லாம் சேர்த்துப் பதினேழு செட் இருக்கு. துரைமார் புள்ளைகள் விளையாடினது, எஸ்டேட் பங்களாவில் பரணில் கிடந்தது, பாதிரியார் வீட்டில் கிடந்தது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு.

பதினேழில் ஒண்ணு மட்டும் முண்டம். தண்டவாளம் பன்னிரண்டு வளைவும் இருக்கு. பயணிகள் பெட்டி ரெண்டு இருக்கு, ஜன்னலில் தொப்பி போட்ட மனுஷங்க படம் வரைஞ்சிருக்கும். கரிப்பெட்டி இருக்கு. எஞ்சின் இல்லை. ஒன்பது வருஷமா இல்லை. தலை இல்லாத உடம்பை வீட்டில் வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படித் தூங்குவான் சொல்லுங்க. நான் தேடாத ஊர் இல்லை. கடைசியில் அது விருதுநகரில் இருந்தது. ஒரு மணி நேரப் பயணம். அருளானந்தம்னு ஒரு பெரியவர், எண்பது வயசு. அவரோட அப்பா காலத்து எஞ்சின். நாலு வருஷமா மாசம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். காப்பி கொடுப்பார், எஞ்சினைக் காட்டுவார், திரும்ப உள்ளே வச்சுப் பூட்டிடுவார்.

முந்தாநாள் போன் பண்றார். "கோமதிநாயகம், நான் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போறேன். வீட்டைக் காலி பண்றேன். ஞாயித்துக்கிழமை காலையில யார் முதல்ல வாராங்களோ அவங்களுக்கு. சேலத்துக்காரர் எட்டு மணிக்கு வாரேன்னிருக்கார்."

சேலத்துக்காரர்னா உங்களுக்குத் தெரியாது. வாங்கிவந்து முதல் வேலையாப் புதுப் பெயிண்ட் அடிக்கிறவர். பழைய ரயிலுக்குப் பெயிண்ட் அடிக்கிறது கிழவிக்குச் சாயம் பூசி மணவறையில் உட்கார வைக்கிற மாதிரி. அவர் கையில் இது போகலாமா? ஐயா, ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கல்யாணம், திங்கக்கிழமை வரட்டுமான்னு கேட்டேன். "திங்கக்கிழமை நான் இருக்க மாட்டேன்"னுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவர் நிலைமை அவருக்கு.

காலையில் நாலரை மணிக்கு மண்டபத்தில் எழுந்து குளிச்சு, பட்டு வேட்டியையே கட்டிட்டேன், திரும்பி வந்து மாத்திக்கிட்டு இருக்க வேண்டாம் பாருங்க. நெல்லையப்பன் பந்தி இலை எண்ணிக்கிட்டு இருந்தான். விருதுநகரில் ஒரு பெரியவருக்குப் பத்திரிகை வைக்க விட்டுப்போச்சு, ஓடிப்போய் வச்சுட்டு வந்துடறேன்னேன்.

"கல்யாணத்தன்னைக்குப் போயா பத்திரிகை வைப்பாங்க? ஏண்ணே, அவரு என்ன, மொய் எழுதறவரா, தாலி கட்டுறவரா?"

அவனுக்கு எப்பவும் நக்கல்தான். முதல் பஸ்ஸில் போனேன். ஆறே முக்காலுக்குப் பெரியவர் வாசலில் நின்னேன். கொடுத்துட்டார் டீச்சர். கையில் வச்சுக் கொடுத்துட்டார். சேலத்துக்காரர் வரும்போது நான் ஸ்டேஷனில் இருந்தேன். ஏன் பஸ்ஸில் திரும்பலைன்னு கேட்பீங்க. பஸ் குலுக்கும். கீறல் விட்ட பல்லை வச்சுக்கிட்டுப் பஸ்ஸில் வரலாமா? அதுவும் போக, ஒன்பது வருஷம் தேடின எஞ்சின் ரயிலில் ஊருக்கு வரட்டுமேன்னு ஒரு ஆசை. எட்டே முக்காலுக்கெல்லாம் கோவில்பட்டி. முகூர்த்தத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும். கணக்கில் தப்பே கிடையாது. எவனோ ஒருத்தன் வைக்கோல் லாரியை வானத்து உயரத்துக்கு ஏத்திவந்து ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்குக் குறுக்கே மாட்டினா நான் என்ன செய்வேன்?

என்ன? நடந்து போகலாமேன்னா?

தெரியும். எல்லாரும் இறங்கிப் போயாச்சு. இந்தப் பெட்டியில் நாம ரெண்டு பேர்தான் மிச்சம். உங்களுக்கு முழங்கால் முடியலை, ப்ளாட்பாரம் இல்லாத இடத்தில் இறங்க முடியாது, நீங்க இருக்கிறது நியாயம். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. வலது கட்டைவிரல் சக்கரத்தில், இடது கை எஞ்சினுக்கு அடியில். எழுந்து நிற்கலாம், கதவு வரைக்கும் நடக்கலாம். ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டும் வந்தேன். படி செங்குத்தா இருக்கு, கீழே ஜல்லி. ரெண்டு கையாலும் கம்பியைப் பிடிக்காம இறங்கினா முகம் குப்புற விழணும். நான் விழறது இருக்கட்டும். இது விழும்.

யாரோ கூப்பிடறாங்க பாருங்க. ஜன்னலுக்குக் கீழே.

"யோவ் அண்ணாச்சி! கேட்ல ஆட்டோ நிக்கி. ஒரு சீட்டு கெடக்கு. வாரீரா? கோவில்பட்டி கால் மணி நேரந்தான்!"

நீங்க போங்க. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு.

"பட்டு வேட்டி பளபளங்குது? கல்யாண வீடா?"

ஆமா. பொண்ணு கல்யாணம்.

"உம்ம பொண்ணா? பொண்ணு கல்யாணத்த வச்சுக்கிட்டு பொம்மையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீரே! சரிதான், பேரன் வந்ததும் கொடுக்கலாம், இப்ப எறங்கி வாரும்!"

போறான் பாருங்க, சிரிச்சுக்கிட்டு. பொம்மைங்கிறான். கோபம் வரலை டீச்சர், பரிதாபம்தான் வருது. உலகத்தில் இதே மாதிரி எத்தனை மிச்சம் இருக்கும்னு அவனுக்குத் தெரியுமா? பேரனுக்குக் கொடுக்கணுமாம்!

பதினொண்ணு பத்தா? அதுக்குள்ளயா?

நீங்க சொல்றது புரியுது. நீங்க எப்படியும் இந்த வண்டியிலேயே கோவில்பட்டி வரப் போறீங்க. உங்க கையில் கொடுத்துட்டு நான் இறங்கி ஓடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கலாம். நம்பிக்கை இல்லாம இல்லை. தங்கச்சி குழந்தையைப் பார்க்கப் போறவங்க, கையில் வசம்பும் வளையலும் வச்சிருக்கீங்க, உங்களை நம்பாம யாரை நம்புவேன்? உங்க கட்டைவிரல் சின்னது. அதுதான் விஷயம். அமுக்கம் பத்தாது. என் விரலை எடுத்து உங்க விரலை வைக்கிற அந்த ஒரு கண்சிமிட்டற நேரம் இருக்கே, அந்த நேரத்தில் போயிடும். போனா நீங்கதான் ஆயுசுக்கும் வருத்தப்படுவீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்.

என் வீட்டில் யாரும் தொட மாட்டாங்க. அப்படிப் பழக்கிட்டேன். என் பொண்ணு செண்பகா இருக்காளே, ஏழு வயசில் ஒரு தடவை பயணிகள் பெட்டிக் கூரையைத் திறந்து அதுக்குள்ள ஒரு நாவல்பழத்தை உட்கார வச்சு, "இவங்க திருச்செந்தூர் போறாங்க"ன்னு தள்ளிவிட்டா. கறை இன்னும் இருக்கு. நான் அடிக்கலை. என் கை புள்ளைமேல் பட்டதே இல்லை. நாலு நாள் பேசலை, அவ்வளவுதான். அப்புறம் கண்ணாடி அலமாரி செஞ்சு பூட்டு போட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட அவ தொட்டது கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பா. எந்தப் புள்ளை அப்படி இருக்கும்?

ப்ளஸ் டூ படிக்கும்போது அவ மேஜையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெரிய வட்டமாத் தண்டவாளம் போட வேற இடம் இல்லை. அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. மாடிப்படியில் உட்கார்ந்து படிச்சா. அங்கேதான் காத்து வரும்னு சொல்லுவா. மாவட்டத்தில் ரெண்டாவதா வந்தா பாருங்க. படியில் படிச்ச ராசி.

மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க. பொண்ணு பார்க்க வந்தப்போ முதல்ல ரயில் அறைக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம். அந்தப் பையன் நின்னுக்கிட்டே கேட்டான். ஒண்ணையும் தொடலை. கடைசியில், "மாமா, இதை எப்ப ஓட்டுவீங்க?"ன்னான். ஓட்டறதுக்கு இல்லை மாப்பிள்ளைன்னேன். செண்பகா கதவுப் பக்கத்திலிருந்து, "என்னையும் ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தா அப்பா தினம் வந்து தொடச்சிருப்பாங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சோம். அவளுக்கு அந்த மாதிரி வேடிக்கையாப் பேச வரும். என் வீட்டுக்காரி உலகம்மாள்தான் சிரிக்கலை. அவ எப்பவும் அப்படித்தான், வாய் பேசாத குணம். முப்பது வருஷமா எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது.

திரும்ப அடிக்குது. எடுங்க டீச்சர்.

"அண்ணே, ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டாச்சு. ரயில் கேட்டுக்கு முன்னால நிக்கின்னு தெரிஞ்சுபோச்சு. இனி பொய் சொல்லாதீங்க. கேட்டுக்குப் பைக்கோட ஆள் அனுப்பியிருக்கேன். எறங்கி அரை மைல் நடங்க. முகூர்த்தம் முடிய இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இந்தாங்க, செண்பகா பேசணுங்கா."

"அப்பா."

சொல்லும்மா. அலங்காரம் எல்லாம் ஆச்சா?

"ஆச்சுப்பா. ஏன்பா இறங்கலை? கால்ல எதும் அடியா?"

கால் எல்லாம் நல்லாருக்கும்மா. கையில எஞ்சின் இருக்கு.

"எஞ்சினா?"

அந்தக் கறுப்பு எஞ்சின்மா. சிவப்புக் கோடு போட்டது. நம்ம முண்டத்துக்கு உள்ளது. கிடைச்சிருச்சு! உனக்குத்தான் முதல்ல காட்டணும்னு நினைச்சேன். சாவி கொடுத்தேன், பிரேக் உடைஞ்சிருச்சு. விரலை எடுக்க முடியலை.

டீச்சர், போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாங்க.

"சித்தப்பாகிட்ட பத்திரிகை வைக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களாம்."

அதுவும் ஒரு மாதிரி பத்திரிகைதான்மா. ஒன்பது வருஷமாக் கூப்பிட்டேன், இன்னிக்கு வந்திருக்கு.

"பக்கத்துல யாரும் இல்லையாப்பா? யார் கையிலயாவது கொடுத்துட்டு வாங்க."

ஒரு டீச்சர் இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. அவங்கதான் போனையே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா பழக்கமில்லாத கைம்மா. எப்படிக் கொடுக்கிறது?

"என் கையையும் இன்னைக்குப் பழக்கமில்லாத கையிலதான்பா கொடுக்கப் போறீங்க."

அது வேற, இது வேறம்மா. மாப்பிள்ளையை நாலு இடத்தில் விசாரிச்சுத்தான் முடிவு பண்ணோம். இவங்களை எட்டே முக்காலுக்குத்தான் தெரியும்.

"சரிப்பா."

என்னம்மா?

"சித்தப்பாவும் சித்தியும் மணையில உக்காரட்டும். நீங்க நிதானமா வாங்க. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. பேசறீங்களா?"

கொடும்மா. உலகு? உலகு, நான் என்ன வேணும்னாப்பா செய்றேன்? இருக்கியா?

"இருக்கேன். நீங்க பிடிச்சுக்கிட்டு இருங்க."

வச்சுட்டாங்களா? சரி.

பார்த்தீங்களா டீச்சர்? என் பொண்ணு என்ன பக்குவமாப் பேசினா பாருங்க. ஒரு கோபம் இல்லை, அழுகை இல்லை. நிதானமா வாங்கங்கிறா. வேற பொண்ணா இருந்தா மண்டபத்தையே இரண்டாக்கியிருக்கும். வளர்ப்பு. என் வீட்டுக்காரியும் அப்படித்தான், பிடிச்சுக்கிட்டு இருங்கன்னா. அவங்களுக்கு என் நிலைமை தெரியும்.

ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? வைக்கோல் தூசியா? காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருது.

எங்க பக்கம் தாரை வார்க்கிறது பெரிய விஷயம் டீச்சர். பொண்ணோட அப்பா, பொண்ணு கையை எடுத்து மாப்பிள்ளை உள்ளங்கையில் வச்சுத் தன் கையால் அடியில் தாங்கிக்கணும். அம்மா சொம்புத் தண்ணியை ஊத்துவா. தண்ணி மூணு கையிலும் இறங்கி அடியில் இருக்கிற தாம்பாளத்தில் விழணும். என் கல்யாணத்தில் என் மாமனார் கை நடுங்கினது இன்னும் எனக்குத் தெரியும். நெல்லையப்பனுக்குப் பொண்ணு கிடையாது. ரெண்டும் பையன். அவனுக்கு இது ஒரு வாய்ப்புன்னு வச்சுக்கோங்களேன். அண்ணன் தம்பிக்குள்ள யார் பிடிச்சா என்ன? ரத்தம் ஒண்ணுதானே?

அவன் கை முரட்டுக் கை. கிரைண்டர் கடை வச்சிருக்கான். பிடிக்கத் தெரியுமான்னு தெரியலை. அவளுக்கு இடது மணிக்கட்டு சின்ன வயசில் சுளுக்கினது. மாடிப்படியில் விழுந்து. அந்தப் பக்கம் அமுக்கிப் பிடிச்சா வலிக்கும். அவனுக்கு அதெல்லாம் தெரியாது.

போன் பண்ணிச் சொல்லலாமா? வேண்டாம், பரபரப்பா இருப்பாங்க.

டீச்சர், இந்த விரல் என் விரல் மாதிரியே இல்லை. மரத்துப்போச்சு. நகம் வெள்ளையா இருக்கு பாருங்க. யாரோ எஞ்சினோட சேர்த்து என்னையும் முடுக்கிவச்ச மாதிரி இருக்கு. கதவு திறந்துதான் இருக்கு. பூட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிடலாம்.

எத்தனை மணி? பதினொண்ணு ஐம்பதா?

நான் எழுந்துக்கட்டுமா? இப்போ இறங்கினாக்கூட, பைக் வேகமா வந்தா... இல்லை. பத்து நிமிஷத்தில் முடியாது. முடியாதில்லையா? நீங்களே சொல்லுங்க. முடியாதுன்னு சொல்லுங்க.

அடிக்குது. எடுங்க, சீக்கிரம்.

"அண்ணே, பேச நேரமில்ல. போனை மைக்குக்குப் பக்கத்துல வைக்கேன். காதாலயாவது கேட்டுக்கங்க."

கேட்குதா? நாதஸ்வரம். தவில். பின்னால் யாரோ குழந்தை அழுவுது. தண்ணி ஊத்தறாங்க டீச்சர், அந்தச் சத்தம், தாம்பாளத்தில் விழற சத்தம், கேட்டுச்சா? தாரை வார்த்தாச்சு. இப்போ தாலியை எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிக் கொண்டுவருவாங்க. கொஞ்சம் சத்தமா வைங்க. எல்லாரும் கையில் அட்சதை வச்சுக்கிட்டு நிற்பாங்க. அவ தலையைக் குனிஞ்சிருப்பா.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அம்மா, தாயே, நல்லா இரு! நல்லா இரு ஆத்தா! நூறு வயசு...

ஐயோ.

ஐயோ டீச்சர், கையைத் தூக்கிட்டேன். ரெண்டு கையையும் தூக்கிட்டேன். பிடிங்க அதை! வேண்டாம், தொடாதீங்க, தொடாதீங்க! ஓடுது.

ஓடுது டீச்சர்.

இருங்க. பேசாதீங்க. கேளுங்க, பல் தெறிக்கிற சத்தம் வருதா? வரலையே. ஒரே சீரா இருக்கு. மடியில் கிடந்தபடி சக்கரம் காத்தில் சுத்துது பாருங்க. பாய்ச்சலே இல்லை. தையல் மெஷின் மாதிரி. உள்ளே வேகத்தைப் பிடிச்சு நிறுத்தற சக்கரம் ஒண்ணு வச்சிருப்பாங்க, அது இன்னும் நல்லா இருக்கு போல. எண்பது வருஷத்துக்கு அப்புறம். குறையுது. குறையுது. நின்னுடுச்சு.

என் லென்ஸ் இடது பையில் இருக்கு, எடுங்க. இப்படி வெளிச்சத்துக்குக் காட்டுங்க. அந்தக் கீறல் விட்ட பல்... இதுதான். இல்லை, இது. கோடு இருக்கு. உங்க நகத்தால் சுரண்டுங்க, என் விரல் மடங்கமாட்டேங்குது. வருதா? வருது.

முடி. எண்ணெயில் ஒட்டின ஒரு முடி.

பல்லுக்கு ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே இல்லை. ஒன்பது மணிக்கே விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.

கட் பண்ணிடுங்க டீச்சர் போனை. அந்தச் சிரிப்புச் சத்தம் எல்லாம் இப்போ வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் வண்டி எடுத்துடுவான். கால் மணி நேரத்தில் கோவில்பட்டி. மண்டப வாசலில் அவ கேட்பா. அவ கேட்க மாட்டா, பார்ப்பா. என்னப்பா, எஞ்சின் தப்பிச்சிருச்சான்னு. நான் என்ன சொல்றது? ஒண்ணும் ஆகலைம்மா, விட்டுப் பார்த்தேன், நல்லா ஓடுதுன்னா? ஒரு முடிக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்னா?

டீச்சர், உங்க கொண்டையில் இருக்கிற ஹேர்பின்னை ஒண்ணு எடுங்க. கெட்டியான பின்தானே? இந்த இடுக்கில் விட்டு நெம்பினா போதும். ஒரே ஒரு பல். உடைஞ்சிருச்சும்மா, நான் பயந்தது நடந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். என் விரல் இன்னும் மரத்திருக்கு, என்னால் முடியலை. நீங்க செய்யுங்க. இந்தாங்க, பிடிங்க எஞ்சினை. பயப்படாம வாங்கிக்கோங்க. கீழே விழுந்தாலும் பரவாயில்லை.